காலி மூட்டையில் காத்திருப்பவை

வடசென்னை வியாசர்பாடியில் மாத முதல் வாரம் வாங்கி வைத்த பாசிப்பயறை மாதக் கடைசியில் திறந்தால் பல வீடுகளில் ஒரே காட்சிதான். டப்பாவின் அடியில் மெல்லிய மாவு, மூடியின் உட்புறம் இரண்டு மூன்று பழுப்பு வண்டுகள், பயறில் வட்டத் துளை. “உளுத்துப்போன சரக்கைத் தலையில கட்டிட்டான்” என்று கடைக்காரருக்கு ஒரு திட்டு விழும். திட்டில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதி வயலுக்குச் சேர வேண்டியது. செடியில் காய் முற்றும்போதே பயறு வண்டு பறந்து வந்து முட்டையிட்டுவிடுகிறது. களம், மூட்டை, கொத்தவால்சாவடி மொத்தக் கடை, எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை மளிகைக் கடை என்று அந்த முட்டையின் வாரிசுகள் பயறோடு சேர்ந்தே வந்து இறங்குகின்றன.

திட்டி முடித்த பிறகு அந்த உளுத்த பயறை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம். தோலின் மேல் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அவை முட்டை ஓடுகள். சில பயறுகளில் இரண்டு புள்ளி, சிலவற்றில் மூன்று. துளையோ பெரும்பாலும் ஒன்றே ஒன்று. மூன்று புழு உள்ளே போயிருக்கிறது, ஒரு வண்டுதான் வெளியே வந்திருக்கிறது. மற்ற இரண்டும் எங்கே?

முட்டையைப் பயறின் மேல் ஒட்டுவதோடு தாய் வண்டின் வேலை முடிந்துவிடும். சில நாளில் பொரிக்கும் புழு, முட்டைக்கு அடியிலேயே தோலைக் குடைந்து உள்ளே இறங்குகிறது. அதன் பிறகு வேறு பயறுக்கு மாற வழியே இல்லை. வளர்வது, தோலுரிப்பது, கூட்டுப்புழு ஆவது எல்லாம் அந்த ஒரே பயறுக்குள். வெளியே வரும் வண்டு எதுவும் சாப்பிடாமலேயே இணைசேர்ந்து, முட்டையிட்டு, ஒன்றிரண்டு வாரத்தில் செத்துவிடும். ஆயுசுக்கும் வேண்டிய சாப்பாடு, புழுவாக இருக்கையில் அந்தச் சின்னப் பயறில் கிடைப்பது மட்டும்தான்.

பாசிப்பயறும் உளுந்தும் சிறியவை. இரண்டு புழு பங்குபோட்டுத் தின்றால் இரண்டுமே குட்டை வண்டாக, சில முட்டைகளுக்குமேல் இட முடியாத வண்டாக வெளிவரும். இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டு வண்டுகள் தீர்த்துக்கொண்ட விதம் உலகின் ஆய்வகங்களில் பிரபலம். 1979இல் திருநெல்வேலியில் பாசிப்பயறு, உளுந்து நெற்றுகளிலிருந்து சேகரிக்கப்பட்ட பயறு வண்டுகள் அமெரிக்க ஆய்வகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆய்விதழ்களில் ‘தென்னிந்திய வகை’ என்று பெயர் பெற்ற அந்த வம்சம், ஆளும் இடமும் மாறி மாறிப் பல பத்தாண்டுகள் வளர்க்கப்பட்டது. இதன் புழுக்கள் பயறின் நடுவை நோக்கிக் குடைகின்றன. அங்கே சந்திக்கின்றன. ஒன்று பிழைக்கிறது. பிரேசிலிலிருந்து வந்த, காராமணி தின்று பழகிய அதே இன வண்டின் புழுவோ ஓரமாகக் குடைந்து மற்றதைத் தவிர்க்கிறது. ஒரு காராமணியில் பல வண்டுகள் வெளிவரும். ஒவ்வொன்றும் கொஞ்சம் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். பயறுக்குள் இருட்டில் ஒன்றையொன்று எப்படி அறிகின்றன? மற்றது கடிக்கும்போது பயறு வழியே பரவும் அதிர்வைப் புழுக்கள் உணர்கின்றன என்று 1987இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது.

தாயும் இந்தக் கணக்கை அறிந்தே நடந்துகொள்கிறாள். தென்னிந்திய வகைப் பெண் வண்டு, ஏற்கெனவே முட்டை ஒட்டியிருக்கும் பயறைத் தடவிப் பார்த்து ஒதுக்கிவிட்டு, முட்டை இல்லாத பயறைத் தேடிப் போகும். பயறு தீர்ந்து வேறு வழியில்லாதபோதுதான் இரண்டாவது புள்ளி, மூன்றாவது புள்ளி விழும். உளுத்த டப்பாவில் ஒரு பயறுக்கு மூன்று புள்ளி என்றால், வண்டுகளின் ஊரில் இட நெருக்கடி முற்றிவிட்டது என்று பொருள்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் மெசினா இந்தத் தென்னிந்திய வம்சத்தைப் பாசிப்பயறிலிருந்து பெரிய காராமணிக்கு மாற்றித் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார். சண்டைக்குணம் குறைந்தது. உடலும் சிறுத்தது. பெரிய பயறில் பகிர்ந்து தின்பது கட்டுப்படியாகிறது, அடித்துப் பிடித்துப் பெரிதாக வளர வேண்டிய தேவை குறைகிறது. 2004இல் வெளியான இந்த முடிவு, பயறின் பருமன் ஒரு பூச்சியின் சுபாவத்தையே மாற்றிவிடும் என்று காட்டியது. புழு என்றால் கண்மூடித் தின்னும் பிராணி என்று நினைப்பவர்களுக்கு இதை ஜீரணிக்கக் கொஞ்ச நேரமாகும்.

டப்பாவில் கூட்டம் இன்னும் கூடினால் அடுத்த ஏற்பாடு. பயறு வண்டில் இரண்டு வகை உடல் உண்டு. சாதாரண வகை சோம்பேறி. பறக்காது, வெளியே வந்தவுடன் முட்டையிடத் தயார். புழுக்கள் நெருக்கியடித்து வளர்ந்து மூட்டைக்குள் சூடேறும்போது வேறொரு வகை அதிகமாக உருவாகிறது. அதன் உடலில் கொழுப்பு அதிகம், ஆயுள் அதிகம், முட்டை குறைவு. சினைப்பையே முழுதாக வளராமல் வெளிவரும். ஆனால் பறக்கும். ஜப்பானிய ஆய்வாளர் ஷுன்ரோ உட்டிடா 1950களில் விவரித்த உருவம் இது. ஒரே தாயின் பிள்ளைகள், புழுவாக இருந்தபோது பட்ட நெருக்கடியைப் பொறுத்து, உட்கார்ந்து பெருகும் உடலோ ஊரைவிட்டுப் பறக்கும் உடலோ பெறுகிறார்கள். சமையலறை ஜன்னல் கம்பியில் வந்து உட்காரும் பழுப்பு வண்டு பெரும்பாலும் இரண்டாவது ரகம்.

வீட்டு டப்பாவை விட்டுவிட்டுக் குடோனுக்குப் போனால் சண்டையின் தன்மை மாறுகிறது.

துறைமுகத்தின் முதுகில் வளர்ந்த ஊர் வடசென்னை. ராயபுரம், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று ரயில்பாதையோரம் கிடங்குகள் நீளும். இந்தக் கிடங்குகளுக்குப் பஞ்சாப், அரியானா பக்கத்துக் கோதுமை ரயிலேறித் தெற்கே வருகிறது. மூட்டையோடு பூச்சியும் வரும். சென்னையின் ஈரக்காற்றுக்குப் பிடித்தவை கூன்வண்டும் செந்நிற மாவு வண்டும். இவை பெரும் தொல்லை, ஆனால் பட்டினி போட்டால் சில வாரங்களிலோ மாதங்களிலோ சாகும். வறண்ட வடமேற்கிலிருந்து வரும் இன்னொரு பூச்சி அப்படிச் சாகாது.

அதன் பெயர் கப்ரா வண்டு. இந்தியத் துணைக்கண்டம் அதன் பூர்வீகம். முழு வளர்ச்சி பெற்ற வண்டுக்கு அரிசி மணியில் பாதி நீளம்கூட இருக்காது. பறக்கத் தெரியாது, சாப்பிடாது, சில வாரமே வாழும். சேதமெல்லாம் மயிர் முளைத்த அதன் புழு செய்வது. 35 டிகிரி வெயிலும் தீனியும் இருந்தால் முட்டையிலிருந்து வண்டாக ஒரு மாதம் போதும். ஆண் புழு நான்கு பருவங்களில், பெண் ஐந்தில் வளர்ந்து முடித்துவிடும்.

தீனி குறைந்தால், அல்லது கூட்டம் பெருகித் தின்பதெல்லாம் எச்சமாகிவிட்டால், புழு வேறு முடிவெடுக்கிறது. கூட்டுப்புழு ஆகாமல் நின்றுவிடுகிறது. செங்கல் இடுக்கு, பலகைப் பிளவு, காலிச் சாக்கின் மடிப்பு, கன்டெய்னர் தரையின் அடிப்பக்கம் என்று ஒரு மூலை தேடிச் சுருண்டுகொள்ளும். அவ்வப்போது வெளியே வந்து கிடைத்ததைக் கொறிக்கும், தோலுரிக்கும், மறுபடி பதுங்கும். மாதக் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில். மூச்சு விடுவதே குறைந்துபோவதால் குடோனில் போடும் பாஸ்பீன் புகையும் இதன் உடலுக்குள் எளிதில் ஏறுவதில்லை. சரக்கு தீர்ந்து, தரை பெருக்கி, பூட்டுப் போட்ட கிடங்கு மனிதக் கண்ணுக்குச் சுத்தம். புதுச் சரக்கு இறங்கிய சில நாளில் இடுக்குகளிலிருந்து புழுக்கள் வெளிவந்து, நின்ற இடத்திலிருந்து வளர்ச்சியைத் தொடரும். பட்டினி போட்டால் செத்துவிடும் என்ற நம்பிக்கையில் கிடங்கைக் காலியாக வைப்பவர், தெரியாமலேயே இந்தப் பூச்சியின் மிக உறுதியான வடிவத்தைத் தயார்செய்து வைக்கிறார்.

இதே குடும்பத்தின் வேறோர் இனத்தில் இன்னும் விசித்திரம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி பெக் 1971இல் வெளியிட்ட ஆய்வில், பட்டினி கிடந்த புழுக்கள் தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் சிறியதாகிக்கொண்டே போயின. புழு பின்னோக்கி வளர்கிறது. சொந்த உடலைத் தின்று சுருங்குகிறது. தீனி கொடுத்தால் மறுபடி பெரிதாகிறது, நிறுத்தினால் மறுபடி சுருங்குகிறது. இப்படி மாறி மாறிச் செய்ய முடிந்தது. வயது என்பது ஒரு திசையில் மட்டும் ஓடும் என்று பழகிய நமக்கு, அந்தப் புழுவின் வயதை எந்தக் கணக்கில் சொல்வது என்றே தெரியாது.

1953இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கப்ரா வண்டு இன்னது என்று அடையாளம் காணப்பட்டபோது அது ஏற்கெனவே தானியக் கிடங்குகளில் வேரூன்றியிருந்தது. முழுக் கட்டடங்களைத் தார்ப்பாய் போட்டு மூடி நச்சுப்புகை செலுத்தி, 1966 வரை துரத்தினார்கள். செலவு ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் டாலர். ஆஸ்திரேலியாவில் இதன் கதை இன்னும் புதிது. 2020இல் இறக்குமதியான குளிர்சாதனப் பெட்டிகளின் பொதியில் புழுக்கள் கிடைத்தன. எப்போதோ தானியம் ஏற்றிய கன்டெய்னரின் தரை இடுக்கில் தங்கியவை, பின்னர் ஏறிய வேறு சரக்கோடு இறங்கியிருக்கின்றன. அதன் விளைவாக, இந்தியா உட்பட வெளிநாடுகளிலிருந்து பயணிகள் பையிலோ தபாலிலோ அரிசி, கொண்டைக்கடலை, பயறு, சீரகம், கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய் போன்றவற்றைக் கொண்டுபோக அங்கே தடை வந்தது. மெல்போர்ன் மகளுக்குப் பார்த்துப் பார்த்துக் கட்டிய மல்லியும் மிளகாயும் விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குப் போவதற்கு, ஒரு புழுவின் பட்டினித் திறமை காரணம்.

சரி, ‘இப்போது வளராதே’ என்ற உத்தரவு உடலுக்குள் எங்கிருந்து பிறக்கிறது? இதற்கு மிகத் தெளிவான விடை வண்டிலிருந்து வரவில்லை. ஒரு மில்லிமீட்டர் நீள உருண்டைப்புழுவிலிருந்து வந்தது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற அந்தப் புழுவை 1960களில் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். அதற்கு மொத்தம் 302 நரம்பணுக்கள். ஆயுள் இரண்டு மூன்று வாரம். இளம்புழுவாக இருக்கையில் பாக்டீரியா தீனி குறைந்து, சுற்றிலும் மற்றப் புழுக்கள் கசியும் வாசனைப் பொருள் கூடினால், அது வழக்கமான பாதையிலிருந்து விலகி வேறொரு உருவம் எடுக்கும். வாய் மூடிக்கொள்ளும், தோல் தடிக்கும், கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். அந்த நிலையில் மாதக்கணக்கில் இருக்க முடியும். சில சமயம் வாலில் எழுந்து நின்று உடலை ஆட்டும். கடந்து போகும் பூச்சியின் காலைப் பற்றிக்கொண்டு வேறிடம் போய்ச் சேருவதற்கு. தீனி கிடைத்ததும் வாய் திறந்து, எஞ்சிய ஆயுளைப் பட்டினி கிடக்காத புழுவைப் போலவே வாழ்ந்து முடிக்கும். காத்திருந்த மாதங்கள் வயதில் சேர்வதில்லை.

இந்தத் திருப்பத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் முக்கியமான ஒன்று இன்சுலின் வழித்தடத்தைச் சேர்ந்தது. பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசியில் போகும் இன்சுலின் வேலைசெய்யும் வழித்தடத்தின் தூரத்து உறவு அது. தீனி இருக்கிறது என்ற செய்தியை உடலெங்கும் கொண்டுபோவது அதன் ஆதி வேலை. செய்தி வராவிட்டால் வளர்ச்சி நிற்கிறது. 1993இல் சின்தியா கென்யன் குழு அந்த மரபணுவைச் சற்றே பலவீனப்படுத்தியபோது, நன்றாகத் தின்று வளர்ந்த புழுக்களும் இரு மடங்கு காலம் வாழ்ந்தன. முதுமை பற்றிய ஆராய்ச்சியையே திருப்பிப்போட்ட முடிவு அது. அதன் வேர் பஞ்சத்தில் இருக்கிறது.

பூச்சிகளில் இதோடு இன்னொரு கணக்கும் சேர்கிறது. ஹார்வர்டில் நைஹவுட்டும் வில்லியம்ஸும் 1974இல் புகையிலைக் கொம்புப்புழுவில் கண்டது இது: புழு ஒரு குறிப்பிட்ட எடையைத் தாண்டிவிட்டதா என்பதே கேள்வி. தாண்டாத புழுவுக்குத் தீனியை நிறுத்தினால் உருமாற்றம் தள்ளிப்போகும். தாண்டிய புழுவுக்கு நிறுத்தினால், குறைந்த உடலோடே குறித்த நேரத்தில் கூட்டுப்புழு ஆகிவிடும். பஸ் புறப்பட்டுவிட்டது, பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓட வேண்டியதுதான்.

ஒரு புழு தன் வாழ்நாளில் செய்யும் மாற்றம் வேறு, தலைமுறைகள் கடந்து இனமே மாறுவது வேறு. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அமிதாப் ஜோஷியின் குழு பழ ஈக்களைக் குறைந்த தீனியில் நெருக்கியடித்து வளர்த்து இரண்டாவதைப் பார்த்தது. அமெரிக்காவில் லாரன்ஸ் முல்லரோடு ஜோஷி முன்பு செய்த ஆய்வில் நெருக்கடி ஈக்கள் வேகவேகமாகத் தின்னப் பழகின. அதுவே பொது விதி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பெங்களூரில் வேறு இரண்டு பழ ஈ இனங்களை வைத்து 2016இல் வெளியான முடிவு அந்த விதியை உடைத்தது. இவை தின்னும் வேகத்தைக் கூட்டவே இல்லை. ஆனாலும் நெருக்கடியில் மற்ற ஈக்களை முந்தின. பற்றாக்குறைக்கு ஒரே விடைதான் உண்டு என்று நினைத்தது ஆய்வாளர்கள்தான், ஈக்கள் அல்ல.

வியாசர்பாடிக்குத் திரும்பினால், இந்தக் கணக்கு மனித உயிரைத் தொடும் இடம் பயறு டப்பா அல்ல, தண்ணீர் டிரம். கேப்டன் காட்டன் கால்வாயும் ஓட்டேரி நல்லாவும் நாறும்போது கொசுவுக்காகத் திட்டு வாங்குவது கால்வாய்தான். அங்கே வளரும் கியூலெக்ஸ் கொசுவுக்குச் சாக்கடை என்பது விருந்து, பஞ்சமே கிடையாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள் சேர்த்து வைத்த சுத்தமான தண்ணீரைத் தேடுகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் வறண்டு தண்ணி லாரிக்குக் குடங்கள் வரிசை கட்டியபோது, பிளாஸ்டிக் டிரம் இல்லாத வீடு அபூர்வம்.

சுத்தமான தண்ணீரில் கொசுப்புழுவுக்குத் தீனி குறைவு. மிதக்கும் தூசி, மட்கிய இலை, அவற்றில் வளரும் நுண்ணுயிர்கள் மட்டுமே. தீனி நிறைந்த வெதுவெதுப்பான நீரில் ஒரு வாரத்தில் கொசுவாகும் புழு, பஞ்ச டிரம்மில் வாரக்கணக்கில் இழுத்தடித்துக் குட்டைக் கொசுவாக வெளிவரும். சின்னக் கொசுதானே என்று விட முடியாது. நன்றாக வளர்ந்த பெண் கொசு ஒரு முறை ரத்தம் குடித்து முட்டையிட்டுவிடும். பட்டினியில் வளர்ந்த குட்டைக் கொசுவின் உடலில் இருப்பு இல்லை. முதல் ரத்தம் உடலைத் தேற்றவே போய்விடுகிறது. முட்டைக்கு இன்னொரு முறை குடிக்க வேண்டும். இன்னொரு கடி, சில சமயம் இன்னொரு ஆள். நோயைப் பரப்பும் கணக்கில் இது சின்ன விஷயமல்ல. புழு பட்ட பஞ்சத்தின் பாக்கியை வீட்டில் தூங்கும் குழந்தை செலுத்துகிறது.

ஏடிஸ் முட்டைதான் இந்தக் கதையின் கெட்டிக்காரப் பாத்திரம். தண்ணீருக்குச் சற்று மேலே, டிரம்மின் ஈரமான உட்சுவரில் கறுப்புப் புள்ளியாக ஒட்டப்படும். உள்ளே புழு உருவாகி முடிந்த பிறகும் பொரிக்காமல் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் இருக்கும். தண்ணீர் மேலேறி முட்டையை நனைத்தால் மட்டும் போதாது. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் குறைய வேண்டும். நுண்ணுயிர்கள் பெருகும்போதுதான் ஆக்சிஜன் குறைகிறது, நுண்ணுயிர்களே புழுவின் தீனி. ஆக்சிஜன் குறைந்தது என்றால் சாப்பாடு தயார் என்று அர்த்தம். டிரம்மில் ஏற்கெனவே புழுக்கள் நிறைந்திருந்தால் அவை முட்டை ஓட்டின் மேல் படிந்த நுண்ணுயிர்களையும் மேய்ந்துவிடும். ஆக்சிஜன் குறையாது, அதனால் கூட்டம் கலையும்வரை முட்டை பொரிக்காது.

எல்லா முட்டையும் ஒரே நனைப்பில் பொரிப்பதும் இல்லை. ஒரே தாயின் முட்டைகளில் சில முதல் முறையிலும், சில மூன்றாவது நான்காவது முறை நனைந்த பிறகும் பொரிக்கும். டெங்கு காலத்தில் தெருவுக்கு வரும் மாநகராட்சிப் பணியாளர்கள் அபேட் மருந்து ஊற்றினால் நீரில் நீந்தும் புழு சாகும், சுவரில் ஒட்டிய முட்டைக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தாலும் அது காய்ந்தபடி கிடக்கும். அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை டிரம்மின் உட்சுவரை, குறிப்பாகத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள வளையத்தை, நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். தேய்த்த தண்ணீரைத் தெருவோரத்துப் பழைய டயரிலோ பூந்தொட்டியிலோ ஊற்றாமல், வெயில் படும் வெறும் மண்ணில் ஊற்ற வேண்டும்.